பிறை கண்ட சாட்சியும் பெருந்தொற்றின் பிறப்பிடமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி, இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் மேல்மாடியில் நடைபெற்ற கல்வி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

நிர்வாகக் குழுவினர் இந்தத் தலைப்பை எனக்குத் தந்ததன் காரணம் இங்குள்ளவர்களில் பலரும் அறிந்ததே. சென்ற ரமளானில் ஓர் இரவு, தராவீஹ் முடிந்து ஹவுழ் கரையில் அமர்ந்திருந்த நம் ஜமாஅத்தின் மூத்தவர் இருவரிடையே ஒரு பேச்சு எழுந்தது. கொரோனாக் கிருமி சீனத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்ததா, விலங்குச் சந்தையிலிருந்து வெளிவந்ததா என்பதே அது. “ஆய்வுக்கூடத்தில்தான், நூற்றுக்கு நூறு” என்றார் ஒருவர். “அதெல்லாம் கட்டுக்கதை காக்கா, சந்தையில் விற்ற பிராணியிலிருந்து வந்ததில் துளியும் சந்தேகமில்லை” என்றார் மற்றவர். குரல்கள் உயர்ந்தன. உள்ளே குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து வந்து பார்க்கும் அளவுக்கு உயர்ந்தன. பெருநாளன்று இருவரும் முஆனக்கா செய்துகொண்டார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வாதம் முடிந்தபாடில்லை. இருவரும் இப்போது முன்வரிசையில், ஒருவருக்கொருவர் சற்றுத் தள்ளியே அமர்ந்திருக்கிறார்கள்.

கல்லூரியில் பல்லாண்டு புள்ளியியல் கற்பித்தவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன். அதைவிட, இத்தகைய வழக்கில் சான்றுகளை எப்படி நிறுப்பது என்பதைப் பேசவே விரும்புகிறேன். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்வதை ஆலிம்கள் இந்த மிம்பரிலிருந்து பலமுறை விளக்கியிருக்கிறார்கள். விசாரிக்கும் முறையில் ஒரு பகுதி என் பாடத்துக்குள் வருகிறது. அதனால்தான் துணிந்து நிற்கிறேன்.

தெளிந்த வானமும் மேக வானமும்

ரமளான் பிறை பற்றி ஹனஃபி சட்ட அறிஞர்கள் வகுத்த ஒரு விதி உங்களுக்குத் தெரியும். வானம் மேகமூட்டமாக இருந்தால் நேர்மையான ஒருவரின் சாட்சியமே போதும். வானம் தெளிந்திருந்தாலோ ஒருவர் இருவர் சொல் போதாது. ஒரு பெருங்கூட்டம் கண்டிருக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் நேர்மையான ஒருவர் கண்டாலே போதும் என்பதையும் அறிவேன். மஸ்அலா சொல்வது என் வேலையன்று. அந்த ஹனஃபி விதிக்குச் சொல்லப்பட்ட காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவ்விதி தலைகீழாகத் தோன்றும். தெளிந்த வானில் ஒருவர் கண்டேன் என்றால் அவரை நம்புவது எளிதல்லவா? சிந்தித்துப் பாருங்கள். வானம் தெளிந்திருந்து, பிறையும் உண்மையாகவே இருந்திருந்தால், கடற்கரையில் நின்ற இருநூறு பேரில் பலர் கண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் காண்பது மிக அரிது. பிறை இல்லாதிருந்து ஒருவர் கண் மயங்கியிருந்தாலோ, ஒருவர் மட்டும் ‘கண்டேன்’ என்பது இயல்பாக நடக்கக்கூடியது. மேக வானத்தில் அப்படியன்று. மேகம் ஒரு கணம் விலகிய இடைவெளியில் ஒருவர் கண்ணுக்கு மட்டும் பிறை தென்பட்டிருக்கலாம்.

அந்த அறிஞர்கள் சாட்சியின் நேர்மையோடு நின்றுவிடவில்லை. பிறை இருந்திருந்தால் இந்தச் சாட்சியம் எந்த அளவு எதிர்பார்க்கத்தக்கது, இல்லாதிருந்தால் எந்த அளவு எதிர்பார்க்கத்தக்கது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். நிகழ்தகவியல் கற்பிக்கும் நாங்கள் பக்கம் பக்கமாகக் கணக்கெழுதிச் சொல்லும் விதியின் சாரமும் இதுவே. நம் ஹவுழ் கரை வாதத்தில் குறைந்துபோனதும் இதுவே. இருவரும் தத்தம் கருத்துக்குப் பொருந்தும் சான்றைச் சொன்னார்கள். அதே சான்று எதிர்த்தரப்பின் கருத்துக்கும் பொருந்துமா, எவ்வளவு பொருந்தும் என்று இருவருமே கேட்கவில்லை.

இன்னொன்று. ஃபிக்ஹில் அறிவுக்குப் படித்தரங்கள் உண்டு. ஐயமற்ற உறுதி யகீன். ஒரு பக்கம் மிகைத்த எண்ணம் ழன்னு. இரு பக்கமும் சமமானால் ஷக்கு. தாழ்ந்த பக்கம் வஹ்மு. கிப்லாத் திசை அறியாத பயணி இயன்றவரை முயன்று பார்த்து, மிகைத்த எண்ணத்தின் வழி நின்று தொழுகிறார். அவருக்கு யகீன் இல்லை என்பதால் தொழுகை நின்றுபோவதில்லை. தொழுதுவிட்டதால் அவர் எண்ணம் யகீனாகிவிடுவதும் இல்லை. ‘நூற்றுக்கு நூறு’ என்றும் ‘துளியும் சந்தேகமில்லை’ என்றும் நாம் சொல்லும்போது, நான்கு படிகளுள்ள ஏணியில் மேல்படியைத் தவிர மற்றவற்றை உடைத்துவிடுகிறோம்.

வூஹானில் நடந்தது

2019 டிசம்பர் 31 அன்று, காரணம் அறியாத நுரையீரல் காய்ச்சல் சிலருக்குக் கண்டிருப்பதாகச் சீனாவின் வூஹான் நகர அதிகாரிகள் அறிவித்தனர். மறுநாள், 2020 ஜனவரி 1 அன்று, ஹுவானான் என்னும் கடலுணவுச் சந்தை மூடப்பட்டது. முதலில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 41 நோயாளிகளைப் பற்றி அதே மாதம் வெளியான ஆய்வில், 27 பேருக்கு அச்சந்தையோடு தொடர்பு இருந்தது. பெயர்தான் கடலுணவுச் சந்தை. அங்கே உயிருள்ள காட்டு விலங்குகளும் விற்கப்பட்டன. 2017 மே முதல் 2019 நவம்பர் வரை வூஹானின் நான்கு சந்தைகளைக் கண்காணித்த ஆய்வாளர்கள் 38 இனங்களைச் சேர்ந்த 47,381 விலங்குகள் விற்பனையானதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ரக்கூன் நாய் எனப்படும் விலங்கும் அவற்றில் ஒன்று.

அதே வூஹானில் ஒரு நச்சுயிரியல் ஆய்வு நிறுவனமும் உண்டு. வௌவால்களின் கொரோனாக் கிருமிகளைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து ஆராய்ந்துவந்த, அத்துறையில் உலகின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்று அது. 2013இல் யுன்னான் மாகாணத்துச் சுரங்கம் ஒன்றில் அவர்கள் எடுத்த மாதிரியில் இருந்த கிருமியின் மரபணு வரிசை, கோவிட் கிருமியோடு ஏறத்தாழ 96 விழுக்காடு ஒத்திருந்தது. ‘96 என்றால் ஏறக்குறைய அதுவே’ என்று நமக்குத் தோன்றும். எஞ்சிய நான்கு விழுக்காடு இயற்கையில் உண்டாகப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பது மரபணு அறிஞர்கள் கணிப்பு. பின்னர் லாவோஸ் நாட்டு வௌவால்களில் இன்னும் சற்று நெருங்கிய, 96.8 விழுக்காடு ஒத்த ஒன்று கண்டறியப்பட்டது. இரண்டுமே ஒன்றுவிட்ட உறவுகள்தாம். தாயை இதுவரை எவரும் கண்டதில்லை.

இனி இரு தரப்புச் சான்றுகளைப் பிறைக் கணக்கில் வைப்போம்.

‘அத்தனை ஊர்களை விட்டுவிட்டு, ஆய்வுக்கூடம் இருக்கும் ஊரிலேயே நோய் தொடங்கியது தற்செயலா?’ இது நம் முதலாமவர் கேட்ட கேள்வி, நல்ல கேள்வி. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்றால் வூஹானில் தொடங்குவது முற்றிலும் எதிர்பார்க்கத்தக்கது. விலங்கிலிருந்து இயற்கையாக வந்தது என்றால் சீனாவிலோ தென்கிழக்கு ஆசியாவிலோ காட்டு விலங்கு வணிகம் நடக்கும் பெருநகரங்களில் எதுவாகவும் இருந்திருக்கலாம். வூஹான் அவற்றில் ஒன்று. ஆகவே இச்சான்று ஆய்வுக்கூடத்தின் பக்கம் சாய்கிறது. சந்தைத் தரப்பார் இதைச் சிரித்து ஒதுக்குவது முறையன்று.

‘ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகரில், காட்டு விலங்கு விற்ற சந்தையைச் சுற்றியே முதல் நோயாளிகள் திரண்டது தற்செயலா?’ இது இரண்டாமவர் கேள்வி. இதுவும் நல்ல கேள்வி. விலங்கிலிருந்து வந்தது என்றால் இது எதிர்பார்க்கத்தக்கது. ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்குத் தொற்றி அங்கிருந்து பரவியது என்றால், தொடர்வண்டி நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், வணிக வளாகம் என்று ஆயிரக்கணக்கான இடங்களில் எங்கும் முதல் திரட்சி தோன்றியிருக்கலாம். அந்த நிறுவனம் யாங்ட்சி ஆற்றின் ஒரு கரையில், சந்தை மறுகரையில். (நகர நோய்த்தடுப்பு மையத்தின் ஆய்வகம் ஒன்று 2019 டிசம்பர் 2 அன்று சந்தைக்கு அருகே இடம் மாறியது என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத் தரப்பார் அதைச் சுட்டுகிறார்கள்.) ஆக, இச்சான்று சந்தையின் பக்கம் சாய்கிறது. என் கணிப்பில், முன்னதைவிடக் கூடுதலாகவே சாய்கிறது.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். அந்த 41 பேரை எப்படித் தேடினார்கள்? சந்தையில்தான் நோய் என்று எண்ணிச் சந்தைக்காரர்களை அதிகமாகத் தேடியிருந்தால், கிடைத்தவர்களில் சந்தைக்காரர்கள் அதிகம் இருப்பதில் வியப்பென்ன? ஆய்வுக்கூடத் தரப்பார் எழுப்பும் மிக வலுவான ஆட்சேபம் இதுவென்று நினைக்கிறேன். இதை உணர்ந்துகொள்ள நமக்கு வூஹான் வரை போகத் தேவையில்லை.

நம் மீது போடப்பட்ட கணக்கு

2020 மார்ச்சு மாதம் தில்லி நிஜாமுத்தீன் மர்க்கஸில் நடந்த தப்லீக் கூட்டமும், அதன் பின் நாம் பட்டதும் இங்கு யாருக்கும் மறந்திருக்காது. 2020 ஏப்ரல் 18 அன்று நடுவண் சுகாதார அமைச்சகம் ஒரு கணக்கை வெளியிட்டது. நாட்டில் அதுவரை உறுதியான 14,378 தொற்றுகளில் 4,291, அதாவது 29.8 விழுக்காடு, அக்கூட்டத்தோடு தொடர்புடையவை. தமிழ்நாட்டில் 84 விழுக்காடு. தொலைக்காட்சிகளில் அந்த எண்கள் நாள்தோறும் ஓடின. ‘கொரோனா ஜிஹாத்’ என்ற சொல் சமூக வலைத்தளங்களில் பரவியது. நாட்டின் பல இடங்களில் முஸ்லிம் காய்கறி வியாபாரிகள் தெருவுக்குள் வரக்கூடாது என்று விரட்டப்பட்டனர்.

அந்த எண்கள் பொய்யா? பொய்யல்ல என்றே எடுத்துக்கொள்கிறேன். அக்கூட்டத்தில் நோய் பரவவே இல்லை என்று வாதிடவும் மாட்டேன், பரவியது. நெருங்கித் தங்கிய எந்தக் கூட்டத்திலும் அது பரவும். பிழை, எண்கள் திரட்டப்பட்ட முறையிலும், அவை படிக்கப்பட்ட முறையிலும் இருந்தது. அந்நாட்களில் பரிசோதனைக் கருவிகள் குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்து அறிகுறி கண்டவர், நோயாளியோடு நெருங்கிப் பழகியவர், கடும் மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்தவர், நோய் கண்ட மருத்துவப் பணியாளர் என வரையறுக்கப்பட்ட சிலருக்கே பரிசோதனை. மர்க்கஸ் சென்று வந்தோரையோ பெயர்ப் பட்டியல் வைத்து, ஊர் ஊராக, வீடு வீடாகத் தேடி, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழைத்துப்போய்ச் சோதித்தார்கள். நோய் தடுக்க அது தேவையான பணி, குறை கூறவில்லை. ஆனால் ஒரு குளத்தில் மட்டும் வலை வீசிவிட்டு, ஊரில் உள்ள மீனெல்லாம் அந்தக் குளத்தில்தான் இருக்கிறது என்று எழுதலாமா? அம்மாதத்தில் வேறு கூட்டங்கள் கூடின; சந்தைகள் நடந்தன; கல்யாணங்கள் நடந்தன. அங்கு சென்றவர்களைப் பட்டியல் வைத்து எவரும் தேடவில்லை. தேடாத இடத்து எண் சுழியமாகவே இருக்கும்.

84 விழுக்காடு என்ற எண் இரண்டு செய்திகளைக் கலந்து சொல்கிறது. நோய் எங்கே இருந்தது என்பது ஒன்று. நாம் எங்கே பார்த்தோம் என்பது மற்றது. இரண்டையும் பிரிக்காமல் படித்ததால் ஒரு சமுதாயமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டுத் தப்லீக் சகோதரர்கள் மீதான வழக்குகளை ரத்துசெய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்னும் கருத்தையும் பதிவுசெய்தது. அவர்களுக்கு இடமளித்ததற்காக இந்தியர் 70 பேர் மீது போடப்பட்ட 16 வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது 2025 ஜூலையில்தான். ஐந்தாண்டுகளுக்கு மேல்!

இந்தப் பிழையால் சுடப்பட்டவர்கள் நாம். சீனர்கள் வேண்டுமென்றே கிருமியை ஏவினார்கள் என்ற குறுஞ்செய்தி நம் ஜமாஅத்துக் குழுவிலேயே எத்தனை முறை வலம் வந்தது என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அதே 2020இல் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் முகச்சாயலைக் கொண்டு நம் நாட்டு நகரங்களில் அவமதிக்கப்பட்டார்கள். வேண்டுமென்றே ஏவுதல் வேறு, ஆய்வுக்கூட விபத்து வேறு. ஆய்வுக்கூட விபத்தை ஆதரித்துப் பேசும் அறிஞர்களிலும் மிகப் பெரும்பாலோர் விபத்தையே சொல்கிறார்கள். அமெரிக்க உளவு அமைப்புகளும், தம்முள் எத்தனையோ கருத்து வேறுபாடு இருந்தும், இது உயிரி ஆயுதமாக உருவாக்கப்பட்டதன்று என்பதில் 2021இலேயே உடன்பட்டன. ஏணியில் அதன் இடம் வஹ்முப் படி.

மீண்டும் வூஹானுக்கு வருவோம். தேடிய முறையால் வந்த சாய்வு அங்கு எவ்வளவு? 2022இல் வெளியான ஓர் ஆய்வு, 2019 டிசம்பரில் நோயுற்றவர்களில் 155 பேரின் இருப்பிடங்களைப் படத்தில் குறித்தது. சந்தைக்குச் சென்றதாக எந்தத் தொடர்பும் காணப்படாதவர்களும் சந்தையைச் சுற்றியே வாழ்ந்தார்கள்; தொடர்பு உள்ளவர்களைவிட நெருங்கியே வாழ்ந்தார்கள். சந்தைத் தொடர்பைப் பார்த்துத் தேடியது மட்டுமே காரணமென்றால், தொடர்பில்லாதவர்கள் இப்படித் திரண்டிருக்கத் தேவையில்லை. அக்கம்பக்க மருத்துவமனைகளிலேயே அதிகம் தேடியிருக்கலாமே என்று மறுதரப்பு பதிலுரைக்கிறது. அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. சாய்வு குறைகிறது, மறைந்துவிடவில்லை என்பது என் மதிப்பீடு.

காணாதது எதற்குச் சான்று?

‘சந்தையிலிருந்து வந்தது என்றால் நோயுற்ற விலங்கு எங்கே?’ என்று கேட்கிறார்கள். இங்கே மேகத்தை நினைவுகூருங்கள். 2002 நவம்பரில் சீனாவின் குவாங்தோங் மாகாணத்தில் தொடங்கிய சார்ஸ் நோயின்போது, 2003 மே மாதத்திலேயே சந்தையில் இருந்த புனுகுப்பூனைகளில் கிருமியைக் கண்டார்கள். விலங்குகள் அங்கேயே இருந்தன, வானம் தெளிந்திருந்தது. வூஹானில் சந்தை மூடப்பட்டு, ஆய்வாளர்கள் மாதிரி எடுக்கத் தொடங்கியபோது, விற்பனைக்கு இருந்த உயிருள்ள காட்டு விலங்குகள் அகற்றப்பட்டிருந்தன. எடுத்த 457 விலங்கு மாதிரிகளில் ஒன்றிலும் கிருமி இல்லை. ஆனால் சோதித்திருக்க வேண்டிய விலங்குகள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆகவே காணாமை ஓரளவே சான்றாகும்.

கடைகளின் தரையிலும் வண்டிகளிலும் துடைத்தெடுத்த மாதிரிகளில் கிருமியும், ரக்கூன் நாயின் மரபணுவும் ஒரே இடத்தில் இருந்தன என்று 2023, 2024 ஆய்வுகள் காட்டின. அந்த விலங்கு அங்கே இருந்தது, கிருமியும் அங்கே இருந்தது என்பது உறுதி. அந்த விலங்குக்கு நோய் இருந்தது என்பது அதிலிருந்து பெறப்படாது. நோயுற்ற மனிதர் அங்கே தும்மியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆய்வுக்கூடத் தரப்பின் வலுவான இன்னொரு சான்று, 2018இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமை ஒன்றிடம் வைக்கப்பட்ட நிதி விண்ணப்பம். வூஹான் நிறுவனமும் பங்காளியாக இருந்த அத்திட்டத்தில், மனித உயிரணுவுக்குள் கிருமி எளிதில் நுழைய உதவும் ஒரு சிறு வெட்டுப்பகுதியை வௌவால் கிருமிகளில் பொருத்தும் எண்ணம் எழுதப்பட்டிருந்தது. கோவிட் கிருமியில் அத்தகைய பகுதி உண்டு. அதன் நெருங்கிய உறவுகளில் இல்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. வேறு பணத்தில் செய்தார்களா என்பதற்குச் சான்றில்லை. இயற்கையில் அப்பகுதி வேறு கொரோனாக் கிருமிகளில் தானாகவே தோன்றியும் உள்ளது. இருந்தும், இது ஆய்வுக்கூடத் தட்டில் வைக்கவேண்டிய எடைதான். எடுத்து வெளியே எறியக்கூடாது.

‘மறைக்கிறார்களே, குற்றமில்லாதவன் ஏன் மறைக்கிறான்?’ என்ற வாதத்துக்கு மட்டும் சற்று நேரம் கொடுக்க வேண்டும். நம் பேச்சுகளில் அதுவே கடைசி ஆயுதமாக வருகிறது.

சோவியத் நாட்டின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் 1979 ஏப்ரலில் அடைப்பான் நோயால் குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சியே காரணம் என்று அரசு பல ஆண்டுகள் சாதித்தது. 1992இல் அதிபர் யெல்த்சின் இராணுவமே காரணம் என்று ஒப்புக்கொண்டார். 1994இல் அமெரிக்க அறிவியலாளர் மேத்யூ மெசல்சனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, இறந்தவர்கள் எங்கே வாழ்ந்தார்கள், எங்கே வேலை செய்தார்கள் என்பதை ஒரு படத்தில் குறித்தது. இராணுவ நுண்ணுயிரி ஆய்வகத்திலிருந்து நகரின் தெற்கு எல்லை வரை ஒரு குறுகிய பட்டை. அதே கோட்டின் நீட்சியில் ஊர்ப்புறங்களில் மடிந்த கால்நடைகள். அந்நாளில் வடக்கிலிருந்து வீசிய காற்றும் அதே கோட்டில். இறைச்சி காரணமென்றால் காற்றின் திசையில் மரணங்கள் ஏன் வரிசையாக நிற்க வேண்டும்? ஆய்வுக்கூட விபத்து என்ற கருத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குவோர் இந்தப் படத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 2004இல் பெய்ஜிங் ஆய்வகத்திலிருந்து சார்ஸ் கிருமியே வெளியேறி ஒன்பது பேரைத் தொற்றியதும் உண்டு.

அங்கே மறைத்தார்கள், காரணம் ஆய்வகமாக இருந்தது. இனி மறுபக்கம். 2003இல் சார்ஸ் நோயையும் சீன அரசு மாதக்கணக்கில் மூடிமறைத்தது. சுகாதார அமைச்சரும் பெய்ஜிங் மேயரும் பதவி இழக்கும் அளவுக்கு மறைத்தது. அந்த நோயோ விலங்கிலிருந்து வந்தது. குற்றமிருந்தாலும் மறைக்கிறார்கள், இல்லாவிட்டாலும் மறைக்கிறார்கள் என்றால், மறைத்தது எந்தப் பக்கத்துக்கும் பெரிதாகச் சாட்சி சொல்லாது. பள்ளிவாசல் வாசலில் செருப்புக் காணாமல் போன நாளில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்திருந்தார் என்று கண்களைச் சுருக்குகிறோம். வெளியூர்க்காரர் வந்து செருப்புப் பத்திரமாக இருந்த நாட்களை யார் எண்ணி வைத்திருக்கிறோம்?

ஆயிரம் வாய், ஓர் அறிவிப்பாளர்

ஹதீஸ் கலை நமக்குத் தந்திருக்கும் இன்னொரு கருவியையும் சொல்ல வேண்டும். முத்தவாத்திர் என்றால், அறிவிப்பாளர் தொடரின் ஒவ்வோர் அடுக்கிலும், கூடிப் பொய் சொல்ல இயலாத அளவு பலர் இருக்க வேண்டும். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் கருத்தைச் சொல்லும், ஸஹீஹுல் புகாரீயின் முதல் ஹதீஸ் நாம் அறிந்தது. அதைப் பிற்காலத்தில் அறிவித்தோர் ஏராளம். இருந்தும் மேலே போகப் போக அது உமர் (ரலி), அல்கமா, முஹம்மத் இப்னு இப்ராஹீம், யஹ்யா இப்னு ஸஈத் என ஒற்றை ஒற்றை அறிவிப்பாளரின் வழியே வருகிறது. ஆகவே அறிஞர்கள் அதை முத்தவாத்திர் என்று சொல்லவில்லை. அந்த ஒவ்வொருவரின் நம்பகத்தையும் ஆராய்ந்தே ஸஹீஹ் என்றார்கள். கீழ் அடுக்கில் உள்ள கூட்டத்தை அவர்கள் எண்ணவில்லை. மேலே எத்தனை தனித்தனிக் கிளைகள் என்பதையே எண்ணினார்கள்.

‘பத்துத் தொலைக்காட்சியில் சொன்னார்கள், ஐம்பது பேர் அனுப்பினார்கள்’ என்று நாம் சொல்வதை இத்தராசில் வையுங்கள். பத்தும் ஒரே செய்தி முகமையின் ஒரே குறிப்பிலிருந்து வந்திருந்தால் அது ஒரு சாட்சியே. அறிஞர்களும் இப்பிழைக்கு விலக்கல்லர். இவ்விவகாரத்துக்கென்றே ஓர் இலட்சம் டாலர் பந்தயம் கட்டி, இரு நடுவர்கள் முன்னிலையில், மூன்று அமர்வுகளில் நீண்ட விவாதம் ஒன்று நடந்தது. 2024 பிப்ரவரியில் இரு நடுவர்களும் இயற்கைத் தோற்றமே மிகச் சாத்தியமானது என்று முடிவளித்தனர். பந்தயம் நமக்குக் கூடாதது. அது தனிச் செய்தி. நான் கவனித்தது இதை: ஒவ்வொரு சான்றுக்கும் ஓர் எண் கொடுத்து எல்லாவற்றையும் பெருக்கும்போது, ஒன்றையொன்று சார்ந்த சான்றுகளைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணிவிட்டால், விடை வானளவு உயர்ந்துவிடும். கணக்குப் போட்டவருக்கே யகீன் வந்துவிடும். ஓர் அடுக்கில் செய்த பிழை அடுத்தடுத்த பெருக்கலில் மறைந்துகொள்ளும். கணக்காசிரியனாகிய நான் இதைச் சற்று வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அமெரிக்க உளவு அமைப்புகளின் கருத்தும் அப்படியே. 2023இல் அவற்றில் சில இயற்கை என்றன, இரண்டு ஆய்வுக்கூடம் என்றன. 2025 ஜனவரியில் சி.ஐ.ஏ.வும் ஆய்வுக்கூடத்தின் பக்கம் சாய்ந்தது. தன் நம்பிக்கை தாழ்ந்த அளவினது என்றும் அதுவே சொன்னது. தலைப்புச் செய்தியில் முன்பாதி வந்தது. பின்பாதி பலருக்கு வந்து சேரவில்லை.

இனி, கடைசியில் சொல்வதாகக் கூறிய தீர்ப்பு. இதுவரை வெளியான சான்றுகளை என்னால் இயன்றவரை நிறுத்துப் பார்த்ததில், விலங்குச் சந்தையின் பக்கமே தட்டு தாழ்கிறது. ஏணியில் அது ழன்னு, யகீன் அன்று. ஆய்வுக்கூட விபத்து தாழ்ந்த பக்கம், ஆனால் கைகழுவத்தக்கதன்று. உலகச் சுகாதார நிறுவனம் அமைத்த அறிஞர் குழுவும் 2025 ஜூன் மாதம் ஏறத்தாழ இதையே சொன்னது. கிடைத்த சான்றுகளின் எடை விலங்கிலிருந்து பரவியதைச் சுட்டுகிறது. எந்தக் கருதுகோளையும் இன்னும் மூடிவிட இயலாது.

முதலாமவர் என்னை நோக்கிக் கையை உயர்த்துகிறார். “அப்படியானால் நான் தோற்றேனா?” என்று கேட்கிறார். இல்லை காக்கா. அந்தக் குழு சீனாவிடம் கேட்ட பொருட்கள் மூன்று. தொடக்க கால நோயாளிகள் பல நூறு பேரின் கிருமி மரபணு வரிசைகள், வூஹான் சந்தைகளில் விற்ற விலங்குகளைப் பற்றிய விரிவான விவரம், அந்நகர ஆய்வகங்களில் நடந்த பணிகளும் பாதுகாப்பு நிலையும் பற்றிய பதிவுகள். குழு தன் அறிக்கையை வெளியிட்ட நாள் வரை மூன்றும் தரப்படவில்லை. அவற்றில் ஒன்று வெளிவந்து, அது உங்கள் பக்கம் சாட்சி சொன்னால், இதே மேடையில் ஏறி என் தீர்ப்பைத் திருத்திச் சொல்ல நிர்வாகக் குழு எனக்கு ஒரு கால்மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று இப்போதே மனுச் செய்துகொள்கிறேன்.

வஸ்ஸலாம்.